மூன்று நூல்களில் நிற்கும் பாய்மரம்
மாதிரிக் கப்பலுக்குக் கயிறு கட்டுவதில் உள்ள இயற்பியல்

மாணவர்களே, ஒரு சத்தே குச்சியை எடுத்து, சிறிய களிமண் உருண்டையில் லேசாகச் செருகி மேசைமேல் நிறுத்துங்கள். விரலால் மெல்லத் தட்டினாலே சாய்ந்துவிடும். அதே குச்சியை, ஊதினாலும் மேசையை ஆட்டினாலும் சாயாமல் நிற்க வைக்க வேண்டும். ஆனால் களிமண்ணைக் கூட்டக்கூடாது. உங்களுக்குக் கொடுக்கப்படுவது நூல் மட்டுமே. எத்தனை நூல்கள் தேவைப்படும்?

மரத்தால் ஆன மாதிரிப் பாய்மரக் கப்பலைச் செய்யும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை கண்டே ஆக வேண்டும். கப்பலின் உடலைப் பல மாதங்கள் பொறுமையாகச் செதுக்கி, ஒட்டி, சாயம் பூசி முடித்தவர்கள்கூட, கயிறு கட்டும் கட்டத்தில் தவறி, பாய்மரம் கோணிப்போய், மனம் வெறுத்து வேலையைப் பாதியில் விட்டுவிடுவது உண்டு. பெரும்பாலும் குறை அவர்களுடைய கையில் இல்லை. விசையைப் புரிந்துகொள்ளாததுதான் காரணம்.

நமக்கு எடுத்துக்காட்டாக, உலகில் அதிகமாக மாதிரி செய்யப்படும் கப்பல்களில் ஒன்றான ‘எச்.எம்.எஸ். விக்டரி’யை எடுத்துக்கொள்வோம். 1765-இல் இங்கிலாந்தின் சாத்தம் துறையில் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் இது. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்தது. 1922 முதல் போர்ட்ஸ்மத் நகரில் நீரற்ற துறையில் நிற்கிறது. அதன் நடுப்பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து சுமார் 62 மீட்டர் உயரம். முழுக் கப்பலுக்கும் தேவைப்பட்ட கயிறு சுமார் 42 கிலோமீட்டர். 1:100 அளவில் மாதிரி செய்தால், அந்தப் பாய்மரம் 62 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்.

கயிறு தள்ளாது

இந்தப் பாடத்தின் அடிப்படை ஒரே வரிதான்: கயிறால் இழுக்க முடியும், தள்ள முடியாது.

சத்தே குச்சியின் நுனியில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை மேசையில் ஒட்டுங்கள். குச்சி நூலுக்கு எதிர்ப்பக்கம் சாயாது. ஆனால் நூல் இருக்கும் பக்கம் தாராளமாகச் சாயும். எதிரே இரண்டாவது நூலைக் கட்டுங்கள். இப்போது இடமும் வலமும் சாயாது; முன்னும் பின்னும் சாயும். இரண்டையும் அவிழ்த்துவிட்டு, மூன்று நூல்களை மூன்று திசைகளில், ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில் கட்டிப் பாருங்கள். குச்சி உறுதியாக நிற்கும். எந்தப் பக்கம் சாய முயன்றாலும் ஏதாவது ஒரு நூல் விறைத்துத் தடுக்கும். ஆக, குறைந்தது மூன்று நூல்கள் வேண்டும்.

கப்பலிலும் இதே ஏற்பாடுதான். பாய்மரத்தின் தலையிலிருந்து முன்னோக்கி நடுக்கோட்டில் இறங்கும் தடித்த கயிற்றை ‘ஸ்டே’ என்பார்கள். நாம் முன்கயிறு என்போம். இரு பக்கங்களிலும் வரிசையாக இறங்கும் கயிறுகள் ‘ஷ்ரவுட்’, நமக்குப் பக்கக்கயிறுகள். விக்டரியின் படத்தைக் கூர்ந்து பாருங்கள். பக்கக்கயிறுகள் நேராகப் பக்கவாட்டில் இறங்குவதில்லை. சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து இறங்குகின்றன. ஏன்? அவை பக்கவாட்டில் மட்டும் இழுத்தால், முன்கயிறு பாய்மரத்தை முன்னால் சாய்த்துவிடும். பின்னோக்கி இறங்குவதால் முன், இடப்பின், வலப்பின் என மூன்று திசைகளிலும் இழுப்பு கிடைக்கிறது. சத்தே குச்சிக்கு நீங்கள் செய்த அதே வேலை!

அகலம் கூடினால் சுமை குறையும்

விக்டரியின் இரு பக்கங்களிலும், உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பலகைகளைக் காணலாம். பக்கக்கயிறுகளின் அடிமுனை உடலோடு ஒட்டிக் கட்டப்படாமல், இந்தப் பலகைகளின் விளிம்புக்கு வருகிறது. அலங்காரத்திற்காகவா? இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

பாய்மரத்தில் கயிறு கட்டிய இடம் 20 செ.மீ. உயரம் என்க. கயிற்றின் அடி, பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. காற்று பாய்மரத்தை 1 நியூட்டன் விசையால் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதைத் தடுக்கக் கயிறு பக்கவாட்டில் 1 நியூட்டன் கொடுக்க வேண்டும். கயிறு சாய்வாக இருப்பதால், அதன் இழுவிசைக்குக் கீழ்நோக்கிய கூறும் உண்டு. 5-க்கு 20 என்பது 1-க்கு 4. எனவே கயிறு பாய்மரத்தைக் கீழ்நோக்கி 4 நியூட்டன் அழுத்துகிறது. பித்தகோரஸ் தேற்றத்தின்படி கயிற்றின் மொத்த இழுவிசை சுமார் 4.1 நியூட்டன்.

இப்போது அடியை 8 செ.மீ. தள்ளி வைப்போம். கீழ்நோக்கிய அழுத்தம் 2.5 நியூட்டன், இழுவிசை சுமார் 2.7 நியூட்டன். பாய்மரமும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. சில சென்டிமீட்டர் பலகை, கயிற்றின் சுமையை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்துவிட்டது.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒவ்வொரு கயிறும் பாய்மரத்தைக் கீழே அழுத்துகிறது. இறுக்க இறுக்க அழுத்தம் கூடும். மெல்லிய மாதிரிப் பாய்மரம் ஒரு கட்டத்தில் வில்லாக வளைந்துவிடும். “இறுக்கமாகக் கட்டினால் உறுதி” என்ற எண்ணம் இங்கே செல்லாது. மாதிரியில் நூல் நேராக நிற்கும் அளவு இறுக்கம் போதும்.

உண்மைக் கப்பலில் இந்த அழுத்தம் எங்கே போகும்? பாய்மரம் கப்பலின் அடிப்பகுதியைக் கீழே அழுத்துகிறது. கயிறுகள் இரு பக்கங்களையும் மேலே இழுக்கின்றன. கடலில் மிதக்கும்போது நீர் உடல் முழுவதையும் தாங்கும். நீரற்ற துறையில் அந்தத் தாங்கல் இல்லை. அதனால்தான் 2011-இல், வயதான உடலின் சுமையைக் குறைக்க, விக்டரியின் மேல் பாய்மரங்களையும் அவற்றின் கயிறுகளையும் கழற்றி இறக்கினார்கள்.

எதை முதலில் கட்டுவது?

மாதிரிக் கப்பலில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். இடப்பக்கம் உள்ள எல்லாக் கயிறுகளையும் கட்டி முடித்துவிட்டு வலப்பக்கம் போனால் என்ன ஆகும்? முதல் நாளே பாய்மரம் இடப்பக்கம் சாய்ந்துவிடும். பிறகு வலப்பக்கத்தை இறுக்கி நிமிர்த்தினால், இடப்பக்க நூல்கள் அளவுக்கு மீறி விறைக்கும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும்.

பழைய கப்பல்களில் இதற்கு ஒழுங்கான முறை இருந்தது. ஒரே நீளக் கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பைப் பாய்மரத் தலையில் மாட்டினால், ஒரே பக்கத்திற்கு இரண்டு பக்கக்கயிறுகள் கிடைக்கும். முதல் ஜோடி வலப்பக்கம், அடுத்த ஜோடி இடப்பக்கம், மீண்டும் வலப்பக்கம் என மாறி மாறி மாட்டுவார்கள். எல்லாவற்றிற்கும் மேலாகத்தான் முன்கயிற்றின் வளையம் வரும். உங்கள் மாதிரியிலும் அப்படியே செய்யுங்கள். எந்த முடிச்சையும் உடனே ஒட்டிவிடாதீர்கள். எல்லாக் கயிறுகளும் ஏறி, பாய்மரம் நேராக நிற்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து உறுதிசெய்த பிறகே பசை.

மூன்று பாய்மரங்களில் எதிலிருந்து தொடங்குவது? பின்பாய்மரத்தின் முன்கயிறு நடுப்பாய்மரத்தில் கட்டப்படுகிறது. நடுப்பாய்மரத்தின் மேல்பகுதிக் கயிறுகள் முன்பாய்மரத்தில் கட்டப்படுகின்றன. முன்பாய்மரத்தின் கயிறுகள், கப்பலின் மூக்குப் போல முன்னால் நீண்டிருக்கும் மரத்தில் கட்டப்படுகின்றன. ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் சங்கிலி இது. பிடிப்பவர் உறுதியாக நிற்க வேண்டும் அல்லவா? எனவே முதலில் அந்த மூக்குமரத்தை உடலோடு உறுதியாகக் கட்டுங்கள். பிறகு முன்பாய்மரம், நடுப்பாய்மரம், பின்பாய்மரம். ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலே போங்கள்.

துளைக் கட்டைகளின் சூட்சுமம்

பக்கக்கயிற்றின் அடிமுனையில் மூன்று துளைகள் உள்ள வட்டமான மரக்கட்டை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே, கப்பலோடு இணைந்த இன்னொரு கட்டை. மெல்லிய கயிறு ஒன்று இரண்டின் துளைகள் வழியாகவும் மேலும் கீழுமாகப் போய்வரும். மாலுமிகள் இந்தக் கட்டையை ‘டெட் ஐ’ என்று அழைத்தார்கள்.

மேல்கட்டையில் முடிச்சிட்டுத் தொடங்கினால், இரு கட்டைகளுக்கும் இடையே ஐந்து கயிற்றுத் துண்டுகள் நிற்கும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 1 நியூட்டன் விசையால் இழுக்கும்போது மேல்கட்டை 5 நியூட்டனால் கீழே இழுக்கப்படும். கப்பியைப் போன்ற இயந்திர லாபம் இது. ஆனால் இங்கே சுழலும் சக்கரம் இல்லை. கயிறு துளையில் தேய்கிறது. ஆகவே உண்மை லாபம் ஐந்தைவிடக் குறைவு. மாலுமிகள் கொழுப்புத் தடவித் தேய்மானத்தைக் குறைத்தார்கள். இறுக்கி முடித்த பிறகு அதே உராய்வு கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவியது.

கருப்புக் கயிறும் வெளிர் கயிறும்

நல்ல மாதிரிகளில் இரு நிறக் கயிறுகளைக் காணலாம். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் கருமை. பாய்களையும் குறுக்குமரங்களையும் ஏற்றி இறக்கித் திருப்பும் இயங்குகயிறுகள் வெளிர் பழுப்பு. நிலைக்கயிறு எப்போதும் வெயிலிலும் மழையிலும் இருக்கும். அழுகாமலிருக்க அதற்குத் தார் பூசினார்கள். தார் பூசிய கயிறு விறைப்பாகும். கப்பி வழியாக எளிதில் ஓடாது. அதனால்தான் இந்த வேறுபாடு.

கயிற்றின் தடிப்பிலும் ஒரு பொறி உண்டு. அக்காலக் கடற்படைப் பட்டியல்களில் கயிற்றின் அளவு விட்டமாக அல்ல, சுற்றளவாகக் குறிக்கப்பட்டது. “11 அங்குலக் கயிறு” என்றால் சுற்றளவு 11 அங்குலம், அதாவது சுமார் 28 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 8.9 செ.மீ. 1:100 மாதிரிக்கு 0.9 மி.மீ. நூல் போதும். வகுக்க மறந்தவர் 2.8 மி.மீ. நூலைக் கட்டுவார், கப்பல் கொடிகள் படர்ந்த பந்தல்போலத் தெரியும்!

நம் ஊர் ஈரப்பதம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாதிரி செய்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் இது. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சும்போது அதன் இழைகள் தடிக்கின்றன. முறுக்கிய நூலில், தடித்த இழைகளைச் சுற்றிவர முறுக்குக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அதனால் நூல் மொத்தத்தில் சுருங்குகிறது. குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் பார்த்துப் பார்த்து இறுக்கிய மாதிரியை, மழை நாளில் சன்னலோரம் வைத்தால் நூல்கள் இழுக்கத் தொடங்கும். மாறாக, மழை நாளில் இறுக்கியவை குளிர்சாதன அறையில் தொய்யும். எனவே கப்பல் நிரந்தரமாக இருக்கப்போகும் அறையிலேயே கயிறு கட்டுங்கள். ஈரம் குறைவாக உறிஞ்சும் பாலியெஸ்டர் நூல் நல்லது. பருத்தி நூலானால் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள், பிசிரும் அடங்கும்.

சிறிய நூல் ஏன் தொங்க மறுக்கிறது?

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு குறை தெரியும். தளர்வாகத் தொங்க வேண்டிய இயங்குகயிறு, கம்பிபோல விறைத்து நிற்கும். 1:100 மாதிரியில் நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு குறைகின்றன. எனவே கயிற்றின் எடை ஒரு மில்லியன் மடங்கு குறைகிறது. அதை வளைக்கத் தேவைப்படும் விசையோ பத்தாயிரம் மடங்கு மட்டுமே குறைகிறது. தன்னை வளைத்துக்கொள்ளும் எடை சின்ன நூலுக்கு இல்லை! நீர் கலந்த வெள்ளைப் பசையை நூலில் தடவி, காயும் வரை சிறு எடையைத் தொங்கவிட்டால் இயல்பான வளைவு கிடைக்கும்.

மலாக்கா போனால், கடல்சார் அருங்காட்சியகமாக நிற்கும் ‘ஃப்ளோர் டி லா மார்’ கப்பலின் மாதிரியைப் பாருங்கள். 1511-இல் சுமத்ரா அருகே மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் பெயரைத் தாங்கியது அது. பாய்மரத்தை அண்ணாந்து பார்க்கும் எல்லோரும் அதன் உயரத்தை வியப்பார்கள். நீங்கள் கயிறுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று பாருங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் எதிர் இழுப்பு எங்கே என்று தேடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் முறுக்கிய பருத்திக் கயிற்றின் நுனியில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள். எடையின் அடிமட்டத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். கயிற்றின்மேல் நீர் தெளித்துப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் குறியுங்கள். உலர்ந்த பிறகு மூன்றாம் முறை. பாலியெஸ்டர் கயிற்றிலும் செய்து ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. கயிற்றின் அடி 10 செ.மீ. தள்ளி இருந்தால், அதே 20 செ.மீ. உயரத்தில் 1 நியூட்டன் காற்று விசைக்குக் கீழ்நோக்கிய அழுத்தம் எவ்வளவு?

2. கீழ்க்கட்டையில் முடிச்சிட்டுத் தொடங்கினால், துளைக் கட்டைகளின் இயந்திர லாபம் மாறுமா? படம் வரைந்து கண்டுபிடியுங்கள்.

3. உங்கள் வீட்டருகே உள்ள தொலைத்தொடர்புக் கோபுரமோ கூடாரமோ கம்பி, கயிறுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறதா? எத்தனை திசைகளில்? ஏன்?