அக்னி நட்சத்திரத்தில் பர்வதமலை ஏறப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு கிளம்புங்க



சொந்தங்களே, பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. எங்க சேத்துப்பட்டு, ஆரணி, தேவிகாபுரம் பக்கத்துப் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்போ ஒரே பேச்சு: "பர்வதமலை எப்போ போலாம்?" முருகன் கோயிலுக்குப் போற நாம, அவனோட அப்பா அம்மா மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் இருக்கற மலைக்கும் போறது வழக்கம்தான். ஆனா இது சித்திரை வெயில். ஒவ்வொரு வருஷமும் சின்னப் பசங்களோட சேர்ந்து ஏறுறவன்கிற முறையில சில விஷயங்களை இந்தப் பதிவுல எழுதறேன். கடைசி வரை படிங்க.

*1. அக்னி நட்சத்திரம்னா என்ன?*

மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வாக்குல முடியற நாட்களைத்தான் கத்திரி வெயில்னு சொல்றோம். பஞ்சாங்கக் கணக்குப்படி சூரியன் பரணி நட்சத்திரத்தோட 3-ஆம் பாதத்துல இருந்து ரோகிணி முதல் பாதம் வரை போற காலம். நடுவுல முழுசா வர்றது நம்ம முருகனோட கார்த்திகை நட்சத்திரம். அதுக்கு தேவதை அக்னி. அதனாலதான் அந்தப் பேரு.

இந்த நேரத்துல பழநியில என்ன செய்றாங்க தெரியுமா? சித்திரையோட கடைசி 7 நாள், வைகாசியோட முதல் 7 நாள், மொத்தம் 14 நாள் பக்தர்கள் மலையைச் சுத்தி கிரிவலம் வர்றாங்க. எப்போ? அதிகாலையிலும் மாலையிலும். உச்சி வெயில்ல இல்ல. வெயில் காலத்துல மலை வழிபாடு வேண்டாம்னு பெரியவங்க சொல்லல. நேரத்தைப் பார்த்து வெச்சாங்க. இந்தப் பதிவோட சாரமே அதுதான்: *வெயில்ல நேரம்தான் முதல் கவசம்.*

*2. பர்வதமலையில வெயில் எங்கே அடிக்கும்?*

நாங்க போளூர் வழியா தென்மாதிமங்கலம் போய் ஏறுவோம். கடலாடி பக்கமும் வழி இருக்கு. நாலாயிரம் அடிக்கு மேல உயரமான மலை. முதல்ல படிக்கட்டு, அப்புறம் கல்லும் மரமுமா காட்டுப்பாதை, கடைசியில செங்குத்துப் பாறை. அங்க கடப்பாறைக் கம்பிகளைப் பாறையில நட்டு, சங்கிலியும் ஏணியும் வெச்சிருக்காங்க.

"காட்டுப்பாதையில நிழல் இருக்குமே"ன்னு நினைப்போம். ஆனா நம்ம பக்கத்துக் காட்டு மரங்கள்ல பாதி கோடையில இலை உதிர்த்து நிக்கும். பாறைப் பகுதியில அதுவும் கிடையாது. மேல இருந்து சூரியன், கீழ இருந்து பாறை, ரெண்டு பக்கமும் சூடு. காத்தோட சூடு நம்ம தோல் சூட்டை (சுமார் 35 டிகிரி) தாண்டிட்டா, உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள வேர்வை ஒண்ணுதான் வழி. வேலூர், திருத்தணி பக்கமெல்லாம் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டுறது வழக்கம். நாமளும் அதே பக்கம்தான்.

இன்னொண்ணு. பாறை மெதுவா சூடேறும், மெதுவாத்தான் ஆறும். பகல் 2, 3 மணிக்கு இரும்புக் கம்பியைத் தொட்டா கை சுடும். பிடிச்ச பிடியை விட்டுட்டா அங்க என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

*3. நேரக் கணக்கு*

ஏற 3 முதல் 4 மணி நேரம் வைங்க. இறங்க கிட்டத்தட்ட 3 மணி நேரம். விடிகாலை 5 மணிக்கு அடிவாரத்துல கால் வெச்சா 9 மணிக்குள்ள தரிசனம். பத்து மணிக்குள்ள பாறைப் பகுதியை விட்டு இறங்கிடணும். எட்டரை மணிக்கு இன்னும் கடப்பாறைப் படிக்கே வரலைன்னா அன்னைக்கு அவ்வளவுதான், திரும்பிடுங்க. வனத்துறையும் கோயில்காரங்களும் சொல்ற நேரம் இதுக்கு வேறயா இருந்தா அவங்க சொல்றதைத்தான் கேக்கணும். அந்த நேரப்படி வெயிலுக்கு முன்னாடி இறங்க முடியாதுன்னா, கார்த்திகை, மார்கழியில வாங்க. மலை எங்கயும் போகாது.

*4. உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கா?*

இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. எங்க ஊர்ல தறிக்குழியில காலை விட்டு காலையில இருந்து சாயந்திரம் வரை நிழல்ல நெய்யற தம்பிங்க இருக்காங்க. பெங்களூர்ல ஏசியில உட்கார்ந்து வேலை பார்த்துட்டு லீவுக்கு வர்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருமே நல்ல திடகாத்திரமான பசங்கதான், ஆனா உடம்பு வெயிலை மறந்திருக்கும். அது வெயிலுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அதனால முன்னாடியே தினம் கொஞ்ச நேரம் நடங்க. தேவிகாபுரம் கனககிரி மலை பக்கத்துலயே இருக்கு. காலையில நாலு தடவை அதை ஏறி இறங்கிப் பார்த்துட்டு அப்புறம் பர்வதமலைக்குத் தேதி குறிங்க.

*5. தண்ணி, உப்பு, விரதம்*

வெயில்ல மலை ஏறினா மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வை போகலாம். ஆளுக்குக் குறைஞ்சது 4 லிட்டர் தண்ணி. மேல கடை இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. வெறும் தண்ணியை மட்டும் குடம் குடமா குடிச்சாலும் ஆபத்து, ரத்தத்துல உப்பு குறைஞ்சிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வைங்க. கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு சமமட்டமா 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட மோர், எலுமிச்சை சாறும் நல்லது.

கிருத்திகை, சஷ்டி விரதத்தோட ஏறுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தண்ணி கூட குடிக்காம இருக்கற விரதத்தை மலை ஏறுற நாள்ல வைக்காதீங்க. பாலும் பழமும் எடுத்துக்கற விரதமா இருக்கட்டும். வெறுங்கால்ல ஏறுவோம்னு நேர்ந்தவங்க இறங்கும்போது போட ஒரு செருப்பைப் பையில வைங்க. பிரஷர், சுகர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்காம கிளம்பவே கூடாது. 2024-ல வெள்ளியங்கிரி மலை ஏறின பக்தர்கள் பல பேர் உயிரிழந்த செய்தி ஞாபகம் இருக்கும். நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த படி ஏறாதீங்க.

*6. உடம்பு சொல்ற சேதி*

▪️ தலைவலி, தலைசுத்தல், குமட்டல், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கறது: இது முதல் எச்சரிக்கை. நிழல்ல உட்கார வெச்சு, உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுங்க. தெளிஞ்சாலும் மேல ஏறக் கூடாது, இறங்கறதுதான்.

▪️ பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசறார், தள்ளாடுறார், மயங்கறார், உடம்பு கொதிக்குது: இது உயிர் ஆபத்து. வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு நினைக்காதீங்க, மலை ஏறும்போது வர்றதுல வேர்வை கொட்டிட்டே இருக்கலாம். உடனே 108. வர்ற வரைக்கும் சும்மா இருக்காம நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, இருக்கற தண்ணியை உடம்பு மேல ஊத்தி விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஈரத்துணி. நினைவு இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தவே கூடாது.

*7. திரும்பி வர்றதும் வழிபாடுதான்*

ஒரு வைகாசியில எங்க கூட தறி வேலை பார்க்கற தம்பி ஒருத்தர் வந்தார். கடப்பாறைப் படிக்குக் கொஞ்சம் கீழ தலை சுத்துதுன்னு உட்கார்ந்துட்டார். தண்ணி குடிச்சதும், "அண்ணா, நேர்ந்துகிட்டு வந்திருக்கேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே?"ன்னார். கண்ணுல தண்ணி. எங்க குழு விதி ஒண்ணு: யாருக்கு முடியலையோ அவர் கூட ரெண்டு பேர் இறங்கணும், தனியா அனுப்பக் கூடாது. நானும் இன்னொருத்தரும் இறங்கினோம். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசல. அந்த வருஷம் மார்கழியில திரும்ப வந்து, எங்க எல்லாருக்கும் முன்னாடி மேல போய் நின்னு கை ஆட்டினார்.

நேர்த்திக்கடன்ல "ஏறுவேன்"னு சொன்னோம், "இன்னைக்கே, இந்த மணிக்கே"ன்னு சொல்லல. சாமி காத்திருப்பார். வீட்ல அம்மா அப்பாவும் காத்திருக்காங்க, நீங்க நல்லபடியா இறங்கி வர.

இந்த லீவுல மலைக்குக் கிளம்பற நண்பர்கள் குரூப்ல இதைப் பகிருங்க. உங்க ஊர் மலைப்பாதை எப்படின்னு கமெண்ட்ல சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை. ஓம் சரவணபவ 🙏