பழைய டீசல் டிராக்டருக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்டைத் தெரிந்தெடுக்கும் முறை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில், குடகனாற்றை ஒட்டி அமைந்துள்ள தாடிக்கொம்பைச் சுற்றிலும் உள்ள நிலங்களில், தகப்பனார் காலத்தில் வாங்கிய டீசல் டிராக்டரைக் கொண்டே உழவு நடத்தும் குடியானவர்கள் இன்றும் உண்டு. அவர்களுள் ஒருவருடைய டிராக்டர், புரட்டாசி மாதத்து மழைக்குப்பின் சோள விதைப்புக்காக உழுதுகொண்டிருந்தபோது, ஒரு மணி நேரத்திற்குள் கொதித்து நின்றுவிட்டது. அழைத்துவரப்பட்ட மெக்கானிக், இஞ்சினின் மேற்பகுதியிலிருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, “இது குளிர்தேசத்தாருக்கு வேண்டியது, நம் வெயிலுக்கு எதற்கு?” என்று சொல்லி வரப்பில் எறிந்துவிட்டார். டிராக்டர் அன்று ஓடியது. ஈரம் காயுமுன் விதைப்பும் முடிந்தது. ஆயினும், சில பருவங்களுக்குள் இஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறையலாயிற்று, காலையில் வெண்புகை நெடுநேரம் வந்தது, இழுவையும் தளர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர்களின் உட்சுவர் தேய்ந்திருந்தது. ஒரு சிறிய பாகத்தை மிச்சப்படுத்தியதற்கு ஈடாக, அதன் விலையைப்போல் பன்மடங்கு செலவு ஏற்பட்டது.

இத்தகைய நஷ்டம் நேராமல் தடுப்பது கடினமன்று. பழைய டிராக்டருக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்டை எவ்வாறு அடையாளம் காண்பது, வாங்கியதை எவ்வாறு சோதிப்பது என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

தெர்மோஸ்டாட்டின் வேலை

தெர்மோஸ்டாட் என்பது இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஒரு வாயில். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். குறிப்பிட்ட உஷ்ணம் வந்ததும் வாயில் சிறிது சிறிதாகத் திறந்து, வேண்டிய அளவு தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். இக்காலத்தில் கிடைப்பவற்றில், ஒரு செப்புக் குமிழுக்குள் அடைக்கப்பட்ட மெழுகு உருகி விரிவதால் வாயில் திறக்கிறது. மிகப் பழைய இஞ்சின்கள் சிலவற்றில், ஆவியாகும் திரவத்தை உள்ளடக்கிய மடிப்புக் குழல் இருந்தது. குழல் ஓட்டையானால் அவ்வகை பெரும்பாலும் திறந்தபடி நின்றுவிடும். மெழுகு வகை கெட்டால் பெரும்பாலும் மூடியபடி நின்றுவிடும். ஆகையால் மெழுகு வகையைச் சோதியாமல் பொருத்தலாகாது.

எடுத்தெறிவதால் வரும் கேடு

சித்திரை வெயிலில் காற்றின் உஷ்ணம் சென்டிகிரேடு 40 டிகிரி என்று கொண்டாலும், இஞ்சின் தண்ணீருக்கு வேண்டிய 80 டிகிரிக்கு அது பாதியே ஆகும். ஆதலால் பாரம் குறைந்த வேலையில், தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் நம் நாட்டு வெயிலிலும் வேண்டியதைவிடக் குளிர்ந்தே ஓடக்கூடும். அவ்வாறு ஓடும்போது டீசல் முழுவதும் எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கி, இஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த சுவரில் படிந்து துருவை உண்டாக்குகிறது. குளிர்ந்த சிலிண்டர் தேய்வதற்கு உராய்வு மாத்திரமன்றி அரிப்பும் பெருங்காரணம் என்பது 1930-களில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சிகளிலேயே தெளிவாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்று விதிக்கப்பட்டதால், கந்தக அமிலத்தால் வரும் அரிப்பு முன்னைவிடக் குறைந்துள்ளது. எனினும் நீரும் எரியாத டீசலும் செய்யும் தீங்கு நீங்கவில்லை.

மற்றொரு கேடும் உண்டு. சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல்வாயில் திறக்கும்போது, அத்தட்டு பைபாஸ் என்னும் குறுக்கு வழியை அடைக்கும். இத்தகைய இஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் மீண்டும் இஞ்சினுக்கே திரும்பும். கொதிப்பைத் தவிர்க்க எண்ணி எடுத்ததே கொதிப்புக்குக் காரணமாகிவிடும்.

குற்றம் எங்கே என்று அறிதல்

டிராக்டர் கொதித்தவுடன் தெர்மோஸ்டாட்டின் மேல் பழி போடுதல் சரியன்று. ரேடியேட்டரின் இடுக்குகளில் சோளச் சருகும் கடலைத் தூசியும் அடைத்திருத்தல், விசிறிப் பெல்ட் தளர்ந்திருத்தல், தண்ணீர் பம்ப் ஒழுகுதல், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டிருத்தல் ஆகியவற்றை முதலில் பார்த்தல் வேண்டும். பின்னர், குளிர்ந்த இஞ்சினை ஓடவிட்டு, விசிறியினின்று கையை விலக்கி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஓடத் தொடங்கியது முதலே குழாய் மெல்ல மெல்லச் சூடேறி, உஷ்ணமானியின் முள் உயராமலே இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுள்ளது அல்லது அங்கே இல்லவே இல்லை. முள் மிக உயர்ந்த பின்னும் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றுள்ளது என்று கருதலாம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் வெந்நீர் முகத்திலும் மார்பிலும் பாய்ந்து பெருந்தீங்கு செய்யும்.

பெயரை நம்பி வாங்கலாகாது

கடைக்குச் சென்று டிராக்டரின் பெயரை மாத்திரம் சொல்லிக் கேட்பதே பலரும் செய்யும் தவறு. உதாரணமாக, மாஸே பெர்குஸன் 35 என்னும் ஒரே பெயரில், முதலில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சினும், 1959-ஐ ஒட்டிய காலம் முதல் பெர்க்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் இஞ்சினும் வந்தன. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாபே நிறுவனத்தின் டிராக்டர்களில், பெர்க்கின்ஸ் வழியில் சிம்ப்ஸன் நிறுவனம் செய்த இஞ்சின்கள் பொருத்தப்பட்டன. இவையன்றி, இடையில் இஞ்சினையே மாற்றிய பழைய டிராக்டர்களும் உண்டு. 1959-இல் பரீதாபாத்தில் வெளிவரத் தொடங்கிய ஐஷர் டிராக்டரின் பழைய மாதிரிகளோ காற்றால் குளிர்விக்கப்படுபவை. அவற்றில் ரேடியேட்டரும் இல்லை, இந்தத் தெர்மோஸ்டாட்டும் இல்லை. ஆகவே டிராக்டரின் பெயரைவிட, இஞ்சினின் பக்கத்தில் உள்ள தகட்டிலோ வார்ப்பிலோ பொறித்த எண்ணே உறுதியான அடையாளம். அதைத் துடைத்துப் படித்து எழுதிக்கொள்ளவேண்டும். இஞ்சினின் கைப்புத்தகம் கிடைக்குமாயின், அதிலுள்ள பாக எண்ணையும் திறக்கும் உஷ்ணத்தையும் குறித்துக்கொள்வது மிக நன்று.

கவனிக்கவேண்டிய ஐந்து அளவுகள்

பாக எண் கிடைக்காதபோது, பழைய தெர்மோஸ்டாட்டையும் அது உட்காரும் குழியையும் அளந்து, பின்வரும் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

முதலாவது, திறக்கும் உஷ்ணம். இது விளிம்பிலோ குமிழிலோ பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஆங்கிலப் பாகங்களில் பாரன்ஹீட் கணக்கில் இருக்கலாம். பாரன்ஹீட் 160 என்பது சென்டிகிரேடு 71. 170 என்பது 77. 180 என்பது 82. பொறித்த எண் திறக்கத் தொடங்கும் உஷ்ணமேயன்றி, முழுவதும் திறக்கும் உஷ்ணம் அன்று. கொதிக்கும் டிராக்டருக்குக் குறைந்த எண்ணுள்ளதைப் போட்டால் குளிரும் என்று எண்ணுவது பிசகு. வாயில் முழுவதும் திறந்தபின், குளிர்விப்பது ரேடியேட்டரின் வேலையாகும். எண்ணால் அதன் வல்லமை கூடாது.

இரண்டாவது, விளிம்பின் குறுக்களவு. ஆங்கில வழி இஞ்சின்கள் பலவற்றில் 54 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டே கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு, வழக்கமான அளவு. ஆயினும் அளவாமல் அதுவே என்று கொள்ளலாகாது.

மூன்றாவது, விளிம்பின் கனம். குழியின் ஆழத்தைவிட விளிம்பு தடித்திருந்தால், மூடியை முடுக்கும்போது வார்ப்பு உடையும். மெலிந்திருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து ரேடியேட்டருக்குச் செல்லும்.

நான்காவது, மொத்த உயரம். திறந்த நிலையில் குமிழோ வாயிலோ வார்ப்பில் இடிக்கலாகாது.

ஐந்தாவது, அடித்தட்டு. பழையதில் பைபாஸை அடைக்கும் அடித்தட்டு இருந்தால் புதியதிலும் இருக்கவேண்டும். அதன் அளவும் கீழிறங்கும் தூரமும் ஒத்திருக்கவேண்டும். முதல் நான்கும் பொருந்தி இது ஒன்று பொருந்தாவிடினும் டிராக்டர் கொதிக்கும்.

பாத்திரத்தில் சோதித்தல்

வாங்கிய தெர்மோஸ்டாட்டை, புதியதாயினும் பழையதாயினும், பொருத்துமுன் வீட்டிலேயே சோதிக்கலாம். வாயிலின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்நூலாலேயே அதை ஒரு குச்சியில் கட்டி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் தொங்கவிடவேண்டும். அது அடியையோ பக்கத்தையோ தொடலாகாது. அருகில் 110 டிகிரி வரை காட்டும் உஷ்ணமானியையும் தொங்கவிடவேண்டும். காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி இதற்கு உதவாது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சூடேற்றினால், வாயில் திறக்கும் கணத்தில் நூலின் பிடி விட்டுத் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போதுள்ள உஷ்ணம் பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கவேண்டும். மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியபின் வாயில் நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். ஆகையால் 82 டிகிரித் தெர்மோஸ்டாட் முழுவதும் திறப்பதை இங்கே தடையின்றிக் காணலாம். இறுதியில் வெளியே எடுத்து ஆறவிட்டு, வாயில் முற்றும் மூடிக்கொண்டதா என்று வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். திறவாததையும் மூடாததையும் கடைக்கே திருப்பிக் கொடுப்பது நலம்.

பொருத்துதலும் தண்ணீரும்

குமிழ் உள்ள பக்கம் இஞ்சினை நோக்கி இருக்கவேண்டும். விளிம்பில் காற்று வெளியேறுவதற்கு உள்ள சிறு துளை மேற்புறமாக அமைய வேண்டும். இல்லாவிடில் உள்ளே அடைபட்ட காற்று வெந்நீரைக் குமிழிடம் சேரவிடாது. பழைய காகிதத்தைச் சுரண்டி நீக்கிப் புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை மாறி மாறிச் சமமாக முடுக்கவேண்டும்.

நல்ல தெர்மோஸ்டாட்டும் உப்புத் தண்ணீரால் சீக்கிரம் கெடும். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. காய்ச்சும் பாத்திரத்தில் படிவதைப் போன்ற வெண்படிவு இஞ்சினுக்குள்ளும் படிந்து, வாயிலின் தண்டை இறுகச் செய்யும். ஆகையால், ஓட்டுக் கூரையிலிருந்து தூய்மையாகப் பிடித்த மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ, துருவைத் தடுக்கும் கூலன்டுடன் சேர்த்து ஊற்றவேண்டும். குறையும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை நிரப்பும் வழக்கத்தை விடவேண்டும்.

மேலே கூறிய குடியானவர், சிலிண்டர் வேலை முடிந்தபின், இஞ்சின் எண்ணை எழுதிக்கொண்டும் குழியை அளந்துகொண்டும் திண்டுக்கல்லுக்குச் சென்றார். முதலில் கிடைத்தது குறுக்களவில் பொருந்தியும், அடித்தட்டு இல்லாதது. அதை வாங்காமல் தேடி இரண்டாவதைப் பெற்று, அடுப்பில் வைத்துச் சோதித்த பின்னரே பொருத்தினார். மறு புரட்டாசியில் அதே நிலத்தை உழுதபோது உஷ்ணமானியின் முள் நடுவில் நின்றது. காலைப் புகையும் விரைவில் தெளிந்தது.

பழைய டிராக்டர்கள் உள்ள ஊர்களில், கிராம அதிகாரிகளோ கூட்டுறவுச் சங்கத்தாரோ 110 டிகிரி உஷ்ணமானி ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்திருந்தால், பலருக்கும் உதவும். மழை எப்போது வரும் என்பது குடியானவர் கையில் இல்லை. மழை வந்த அன்று டிராக்டர் நிற்காமல் ஓடவேண்டுமாயின், ஆடி மாதத்திலேயே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சோதித்து வைப்பது அவர்கள் கையில் உள்ளது.