கைமூட்டு வலியும் கர்ப்பமும்



காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தாய் சொன்னார்: "வயித்துல புள்ள இருந்தவரைக்கும் கைவலி தெரியலீங்க. பெத்து மூணு மாசத்துல தராசைக்கூடத் தூக்க முடியல." பச்சை உடம்போடு ஐஸில் கை வைத்ததால் வந்த வாயு என்று மாமியார் சொன்னாராம். இது வாயு அல்ல, முடக்குவாதம்.

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் துறைமுக வாசலில் நிற்கும் காவலாளிகளைப் போன்றவை. வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுப்பதே அவற்றின் வேலை. சிலருக்கு இந்தக் காவலாளிகள் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகின்றன. மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கினால் லூபஸ். லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

கருவில் பாதி தந்தையின் கூறு. ஆனாலும் தாயின் உடம்பு அதைத் தள்ளிவிடுவதில்லை. காவலாளிகள் கொஞ்சம் அடங்கிப் போகிறார்கள். முடக்குவாதம் உள்ள பலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி குறைவதும், பிரசவத்துக்குப் பின் திரும்புவதும் இதனால்தான். அமெரிக்க டாக்டர் பிலிப் ஹென்ச் 1938-ல் இதைக் கவனித்து எழுதினார். அந்த ஆராய்ச்சியின் வழியே கார்ட்டிசோன் மருந்து வந்தது. 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. கர்ப்பிணிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதன் பலன் அது!

இன்னொரு அதிசயம். குழந்தையின் அணுக்கள் சில தாயின் இரத்தத்தில் கலந்து தங்கிவிடுகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டு கழிந்த தாயிடமும் ஆண் அணுக்கள் இருந்ததை 1996-ல் டயானா பியாங்கி குழுவினர் கண்டார்கள். அவை நன்மையா தீமையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

கணவன்மார்களே, மனைவிக்குக் காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா? வெயில் பட்டால் கன்னத்தில் சிவந்த தடிப்பு வருகிறதா? கரு அடிக்கடி கலைகிறதா? "தங்காத வயிறு" என்று ஊர் பேசட்டும்; நீங்கள் பேசாதீர்கள். சிலருக்கு இரத்தம் உறைந்து நஞ்சுக்கொடிக்கு ஓட்டம் குறைவதால் கரு கலைகிறது. இரத்தப் பரிசோதனையில் இது தெரியும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பல குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

லூபஸ் உள்ளவர்கள் நோய் அடங்கி 6 மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்க வேண்டும். அதுவரை நிரோத் அல்லது காப்பர்-டி. மாலா-என் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு ஆகாது. மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கெடுதல். கருத்தரிக்கும் முன்பே டாக்டர் அதை மாற்றுவார். ஆனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் சாப்பிட வேண்டிய மருந்து. "மாசமா இருக்கே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிட்டு, நோய் முற்றி வருபவர்களே அதிகம்.

முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ போகும்போது பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.