குழந்தைக்கும் நாய்க்கும் வரும் செவிநோய்

திருக்குறளிலே கல்வி, கல்லாமை எனும் அதிகாரங்களை அடுத்து, 42ஆம் அதிகாரமாக அமைந்திருப்பது கேள்வியாகும். ஏட்டைக் கையில் எடுக்குமுன்னரே மனிதன் கேட்டுக் கற்கத் தொடங்குகின்றான். தாலாட்டைக் கேட்டும், வீட்டார் உரையாடலைக் கேட்டுமே குழந்தை தன் தாய்மொழியைப் பெறுகின்றது. ஆதலின் இளமையிலே செவிக்கு நேரும் ஊறு ஓர் உறுப்பின் ஊறாக மாத்திரம் நின்றுவிடாது. அது கல்வியின் வேரையே தாக்கும். கல்லூரி விழா மலர் ஒன்றிலே செவிநோயைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணமாகும்.

இதில் நாயைச் சேர்த்ததேன் என வாசகர் வினவலாம். கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் முதலாய கொட்டியாபுரப் பற்றின் ஊர்களிலே வயலும் மாடும் உள்ள வளவில் நாயும் உண்டு. தவழும் குழந்தையும் காவல் நாயும் ஒரே முற்றத்தில் வாழ்கின்றன. இரண்டிற்கும் செவிநோய் எளிதில் வரும். இரண்டிற்கும் தம் நோவை வாய்திறந்து சொல்ல இயலாது. ஆயினும் நோய் வரும் வழி இரண்டிற்கும் வேறு. அவ்வேறுபாட்டை அறிந்தால் தடுக்கும் வழியும் தானே விளங்கும்.

செவியின் அமைப்பு

செவி மூன்று பகுதிகளை உடையது. காது மடலும் அதனின்று உள்ளே செல்லும் குழாயும் புறச்செவி. அக்குழாயின் முடிவிலே மெல்லிய தோலாகிய செவிப்பறை உளது. அதற்கு அப்பால், காற்று நிறைந்த சிறு அறையாகிய நடுச்செவியிலே மூன்று சிற்றென்புகள் ஒலியதிர்வை உள்ளே கடத்துகின்றன. அதற்கும் அப்பால் உட்செவி உளது. நடுச்செவியை மூக்கின் பின்புறத் தொண்டையோடு ஒரு சிறு குழாய் இணைக்கின்றது. 16ஆம் நூற்றாண்டிலே இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்தாக்கி அதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது.

வளர்ந்தோரிடம் இக்குழாய் நீண்டு சாய்வாக இறங்குகின்றது. குழந்தையிடமோ அது குறுகியது. ஏறக்குறையக் கிடையாக அமைந்தது. ஆகவே தடிமன் பிடித்த குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் எளிதாக நடுச்செவியை அடைகின்றன. குழாய் வீங்கி அடைபடும்போது உள்ளே நீர் தேங்கிச் சீழாகின்றது. 6 மாதத்திற்கும் 2 வயதிற்கும் இடையில் இந்நோய் மிகுதியாக வருவதற்குக் காரணம் இதுவே.

நாயின் அமைப்பு வேறு. அதன் புறச்செவிக் குழாய் முதலில் நேர்கீழாக இறங்கிப் பின் உள்நோக்கி மடங்குகின்றது. இம்மடிப்பிலே நீரும் அழுக்கும் தங்கிவிடும், காற்றோட்டமும் குறைவு. மடல் தொங்கிய சாதி நாய்களுக்கு இத்தொல்லை இன்னும் அதிகம். எனவே நாய்க்குப் பெரும்பாலும் வருவது செவிப்பறைக்கு வெளியே, குழாயின் தோலில் உண்டாகும் அழற்சியாகும். சுருங்கக் கூறின், குழந்தையின் நோய் பறைக்குப் பின்னால் தொண்டை வழியாக வருகின்றது. நாயின் நோய் பறைக்கு முன்னால் தோல் வழியாக வருகின்றது.

குழந்தையிடம் காணும் அறிகுறிகள்

தடிமன் பிடித்து இரண்டு மூன்று நாட் சென்றபின் காய்ச்சல் ஏறுதல், படுக்க வைத்தவுடன் வீறிட்டழுதல், உறக்கங் கெடுதல், பாலருந்தத் தொடங்கி இடையிலே விட்டழுதல், காதை இழுத்தல் அல்லது தேய்த்தல், பின்னாலிருந்து அழைக்கத் திரும்பாமை ஆகியவை முக்கியமானவை. காதை இழுத்தல் ஒன்றை மாத்திரம் கொண்டு முடிவு செய்தலாகாது. பல் முளைக்கும் காலத்திலும், வெறும் பழக்கத்தாலும் குழந்தைகள் அவ்வாறு செய்வதுண்டு. பல அறிகுறிகள் சேர்ந்து வரும்பொழுதே ஐயுறவேண்டும்.

சில வேளைகளில் அழுதுகொண்டிருந்த பிள்ளை திடீரென நோவு தணிந்து உறங்கிவிடும். விடியற்காலையில் தலையணையிலே சீழ் காணப்படும். நோய் மாறிவிட்டதென அப்பொழுது பெற்றோர் மகிழ்வர். உண்மையில் செவிப்பறை கிழிந்து சீழ் வெளிப்பட்டமையாலேயே நோவு தணிந்தது. இக்கிழிவு பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆயினும் 14 நாட்களுக்கு மேற் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோயாகும். அதனை அலட்சியஞ் செய்தலாகாது.

ஆற்றிலும் குளத்திலும் நீந்தும் சிறுவருக்குப் புறச்செவியிலும் அழற்சி உண்டாகும். மடலை மெல்ல இழுத்தாலோ, செவிவாயிலின் முன்னுள்ள சிறு குருத்தெலும்பை அழுத்தினாலோ நோவு மிகுமாயின் அது புறச்செவி நோயாதல் கூடும்.

காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து மடல் முன்தள்ளி நிற்றல், கழுத்து விறைத்தல், ஓயாத வாந்தி, மயக்கம், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். நோய் பின்னுள்ள என்புக்கோ மூளையின் உறைக்கோ பரவுகின்றதென்பதை இவை காட்டும். இவற்றுள் ஒன்று தோன்றினும், அன்றி 6 மாதத்திற்குட்பட்ட சிசுவிற்குக் காய்ச்சல் கண்டாலும், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முன்னாளிலே மூதூர்ப் பகுதியார் திருகோணமலை செல்வதற்குக் குடாவைப் படகிற் கடந்தனர். தரைவழி செல்வோர் ஆறுகளைப் பாதையேறிக் கடந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய பாலங்களும் அமைந்தன. விடியட்டும் எனக் காத்திருப்பதற்கு இன்று நியாயமில்லை.

நாயிடம் காணும் அறிகுறிகள்

அடிக்கடி தலையை உதறுதல், பின்னங்காலாற் காதைச் சொறிதல், தரையிலும் சுவரிலும் காதை உராய்தல், துர்நாற்றம், சிவந்து வீங்கிய குழாய், மஞ்சள் அல்லது கபில நிறக் கசிவு ஆகியவற்றைக் கொண்டு நாயின் நோயை அறியலாம். கோப்பித்தூள் போன்ற கரிய ஊத்தை நிறைந்திருந்தால் காதுச் சிற்றுண்ணி எனும் நுண்ணுயிரைச் சந்தேகிக்கலாம். குட்டிகளிடம் அது மிகுதி. தலை ஒருபுறம் சாய்ந்து, நடை தள்ளாடினால் நோய் உள்ளே சென்றுவிட்டதென்க. ஓயாது உதறுவதால் மடலினுள்ளே குருதி தேங்கி அது பொம்மிக்கொள்வதும் உண்டு.

நோவுற்ற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். குழந்தைகளை அதன் காதைத் தொட விடலாகாது. முன்னறியாத நாயோ, குணம் மாறி எச்சில் வடிக்கும் நாயோ ஆயின் விசர்நோயை முதலில் நினைக்க வேண்டும். அதன் அருகே செல்லுதல் தகாது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி இடுதல் வீட்டாருக்கே காப்பாகும்.

செய்யத் தகாதன

காது குத்தெடுத்தால் வெங்காயச் சாறு, காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றுள் ஒன்றை விடும் வழக்கம் தமிழர் வீடுகளிலே நெடுநாளாக உளது. அன்பினாற் செய்வதாயினும் அதனாற் பயனில்லை. மூடிய பறைக்குப் பின்னுள்ள சீழை வெளியே விடும் எண்ணெய் சென்று தொடாது. பறை கிழிந்திருப்பின் அது கிருமிகளை உள்ளே கொண்டு செல்லும். சூடான எண்ணெய் தோலையும் பொசுக்கும். கோழியிறகு, ஈர்க்கு, ஊசி, பஞ்சுக்குச்சி கொண்டு குடைவதும் தவறு. குறும்பி என்பது அழுக்கன்று. குழாயைக் காக்கும் இயற்கைப் பூச்சாகும். அது தானே வெளிவரும்.

நாய்க்கும் இவ்விதி பொருந்தும். மண்ணெண்ணெய், மதுசாரம் முதலியவற்றை அதன் காதில் ஊற்றுவது கொடுமை. பிள்ளைக்கெனத் தந்த சொட்டு மருந்தை நாய்க்கோ, நாயின் மருந்தைப் பிள்ளைக்கோ விடுதல் கூடவே கூடாது. பறை கிழிந்த செவியிலே சிலவகை மருந்துகள் உட்செவியைத் தாக்கிக் கேள்வியையே அழித்துவிடும்.

செய்யத் தக்கன

குழந்தைக்கு நோவு தணிக்க நிறைக்கேற்ற அளவிற் பரசிற்றமோல் கொடுக்கலாம். எல்லாச் செவிநோய்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை. பல இரண்டு மூன்று நாளிலே தாமே தணியும். தேவையை வைத்தியரே முடிவு செய்வார். கொடுத்தால், சொன்ன நாள் வரையும் தவறாது கொடுத்தல் வேண்டும். சீழ் வடியும் செவியைத் தூய மென்றுணியைத் திரியாக முறுக்கி, செவிவாயிலில் வைத்து, நனைந்ததும் மாற்றி, உலரும்வரை நாளுக்கு மூன்று தடவையேனும் ஒற்றியெடுக்க வேண்டும். அதுவரை நீந்துதல் ஆகாது. ஈ மொய்க்காது காத்தல் வேண்டும். சீழ் வடியும் செவியிலே ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது நாய்க்கு மாத்திரமன்றிப் பிள்ளைக்கும் நேரக்கூடியது.

தடுக்கும் வழியாவது: முதல் 6 மாதமும் தாய்ப்பாலே ஊட்டுதல், பால் ஊட்டும்பொழுது தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தல், போத்தலோடு படுக்க விடாமை, கைகழுவுதல், புகையைத் தவிர்த்தல். சுருட்டுப் புகையும் விறகடுப்புப் புகையும் குழந்தையின் மூச்சுப்பாதையைப் புண்படுத்திக் கிருமிக்கு வழிதிறக்கின்றன. நெருக்கமும் அத்தகையதே. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களிலே ஆண்டுக்கணக்காகக் கூடாரங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்தனர். நெருங்கிய குடிலும் அடுப்புப் புகையும் மாரிகாலத் தடிமனும் கூடுமிடத்திலே குழந்தையின் செவியைக் காப்பது தாய் ஒருத்தியால் முடிகின்ற காரியமன்று. அது சமூகத்தின் கடனாகும்.

தடுப்பூசியையும் மறத்தலாகாது. சின்னமுத்துக் கண்ட பிள்ளைகளுக்குச் செவிநோய் தொடர்வது வழக்கம். இலங்கையில் 1984இல் சின்னமுத்துத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டிலே அந்நோய் ஒழிந்ததென அறிவித்தது. எனினும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. காவல் தளர்ந்தால் பகை நுழையும்.

நாய்க்கு வேண்டுவது தோற்காப்பு. குளித்த பின்னும் மழையில் நனைந்த பின்னும் காதைத் துடைத்து உலர்த்துக. வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பார்த்து முகர்ந்து பார்க்க. உண்ணிகளை அகற்றுக. மீண்டும் மீண்டும் நோய் வருமாயின் ஒவ்வாமை முதலிய மூலகாரணத்தை மிருக வைத்தியர் ஆராயவேண்டும். மருந்து மாத்திரம் போதாது.

ஆசிரியர் அறியவேண்டியது

சீழ் நின்ற பின்னும் நடுச்செவியிலே நீர் 3 மாதம் வரை தங்கலாம். அப்பொழுது பிள்ளைக்கு நோவில்லை, காய்ச்சலில்லை. ஆனால் உலகம் சுவருக்கு அப்பாலிருந்து பேசுவது போலக் கேட்கும். அத்தகைய பிள்ளை சொல்வதெழுதலிலே பிழை விடும், அழைத்தால் விழிக்கும், அயலான் கொப்பியை எட்டிப் பார்க்கும். சோம்பேறி என்றும் மந்தன் என்றும் பெயர் வாங்கி, கடைசி வாங்கிலே அமர்த்தப்படும். கேளாதவனைக் கேட்கவே முடியாத இடத்தில் இருத்திவிடுகின்றோம். குழந்தைகளின் கேட்டற்குறைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கத்தக்க காரணங்களால் வருவதென உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று ஆசிரியர், பலர் பெற்றோர். பிள்ளை மந்தன் எனத் தீர்க்குமுன் அவன் பின்னால் நின்று மெல்லிய குரலிலே பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்பாவிடின் பிரம்பை வைத்துவிட்டு வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். செவி திறந்தால் ஏடு தானே திறக்கும்.