உடற்பயிற்சி உடலியலாளர்: பட்டமும் அங்கீகாரமும்

நீரிழிவு, இதய நோய், மூட்டுவாதம் முதலிய நீண்டகால நோய்களுடன் வாழ்வோருக்கு, அவரவர் உடல்நிலைக்கேற்ற பயிற்சியை வகுத்துக் கண்காணிப்பவர் உடற்பயிற்சி உடலியலாளர். ‘எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட்’ என மருத்துவர் குறிப்பிடுபவர் இவரே. உடற்பயிற்சிக்கூடப் பயிற்றுநர் வேறு, இயன்மருத்துவர் வேறு.

ஆஸ்திரேலியாவில் இயன்மருத்துவர் என்னும் பெயரைப் பதிவு பெறாதவர் பயன்படுத்துதல் குற்றமாகும். உடற்பயிற்சி உடலியலாளர் என்னும் பெயருக்கோ அத்தகைய சட்டக் காப்பு இல்லை. ஆகவே ‘எஸ்ஸா’ எனப்படும் தொழில்சார் அமைப்பின் அங்கீகாரமே இத்துறையின் வாயில். அஃது இல்லாதவரின் சேவைக்கு மெடிகேர் பணம் வழங்காது.

மாணவர் தவறக்கூடிய இடமும் இதுவே. மூன்றாண்டு உடற்பயிற்சி அறிவியல் பட்டம் மட்டும் இவ்வங்கீகாரத்தைப் பெற்றுத் தராது. இதற்கென அமைந்த நான்காண்டுப் பட்டமோ, முதற்பட்டத்தின் பின் பட்டமேற்படிப்போ வேண்டும். மொத்தம் 500 மணிநேரக் களப்பயிற்சியும் வேண்டும். பாடநெறியின் பெயர் கவர்ச்சியாக இருப்பது சான்றாகாது. கட்டணம் செலுத்துமுன் எஸ்ஸாவின் அங்கீகாரப் பட்டியலில் அப்பாடநெறி உள்ளதா எனப் பார்த்தல் நன்று.

குடும்ப மருத்துவரின் நாட்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ், துணை மருத்துவச் சேவைகள் அனைத்திற்குமாக, ஆண்டுக்கு 5 தனிநபர் அமர்வுகளுக்கே மெடிகேர் உதவுகிறது. அக்குறுகிய நேரத்தில், படியேறும்போது நெஞ்சு இறுகுவதைத் தமிழ் முதியவர் தம் மொழியிலேயே சொல்ல இயலுமாயின், பயிற்சியின் அளவைப் பிழையின்றி வகுக்கலாம்.