மாந்தோப்பில் குளிர்காயலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் அய்யனார்கோவில் போகிற வழியில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மார்கழி லீவுக்குச் சென்னையிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள், தோப்பு வீட்டு முற்றத்தில் விறகு மூட்டிக் குளிர்காய வேண்டும் என்கிறார்கள். போன வருஷம் ஒரே புகை. மருமகன் பெட்ரோல் ஊற்றப் போனார், நான் விடவில்லை. எப்படி மூட்டுவது?
- வாசகி, ராஜபாளையம்

பதில்: நீங்கள் விடாதது நல்லதாயிற்று அம்மா. பெட்ரோலில் பற்றிக்கொள்வது அதன் ஆவி. தீப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் அது தரையோடு தவழ்ந்து காலடிக்கு வந்துவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், கங்கின்மேல் ஊற்றினால் தீ கேனுக்கே ஏறும்.

புகைக்குக் காரணம் ஈர விறகு. கவாத்து செய்த மாங்கிளையைக் காயவிடாமல் எரித்திருப்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேளுங்கள், காய்ந்த புளிய விறகின் அருமையைச் சொல்வார்கள். இரண்டு கட்டைகளை மோதினால் ‘டங்’கென்று கேட்க வேண்டும், ‘தொம்’மென்றால் ஈரம். அரளிக்குச்சி, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் மூன்றின் புகையும் நஞ்சு.

மரத்தடியில் மூட்டாதீர்கள். வீடு, வைக்கோல் படப்பு இரண்டுக்கும் எட்டத்தில், சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டிவிட்டு அரையடிக் குழி தோண்டிச் செங்கல் அடுக்குங்கள். சிமெண்ட் தரை சூட்டில் தெறிக்கும். வழவழப்பாக இருக்கிறதென்று முடங்கியாற்றுக் கல்லைக் கொண்டுவந்து வைத்தால், ஊறிய நீர் ஆவியாகிக் கல்லே வெடிக்கலாம்.

தடித்த கட்டைகள் அடியில், அதற்குமேல் சுள்ளி, உச்சியில் தேங்காய் நார். மேலே பற்றவையுங்கள், கீழிறங்கி எரியும்போது கட்டையின் புகை தீ நாக்கிலேயே எரிந்துவிடும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பருத்தி உடை போடுங்கள், நைலான் வேண்டாம். சூடு பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவாதீர்கள்.

என்னைக் கேட்டால் மூட்டுவது சுலபம், அணைப்பதுதான் வேலை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். உள்ளே கங்கு விடியும்வரை கனியும், காற்றடித்தால் பொறி பறக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சூடு துளியும் தெரியக்கூடாது. குளிருக்கு இதமாக இருக்குமென்று கங்கைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. உங்களுக்கு மேற்கே இருப்பது 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், எரிகிற தீயை அப்படியே விட்டுவருவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோப்பு காட்டை ஒட்டியிருந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் காட்டுத்தீ இருபது பேருக்குமேல் பலிகொண்டது இதே மலைத்தொடரில்தான். மார்கழி, தையில் காற்றில்லாத இரவாகப் பார்த்து மூட்டுங்கள். மாசி பிறந்து சருகு காய்ந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சம்மதிக்காதீர்கள். கைமீறினால் உடனே 101-க்குப் போன் செய்யுங்கள்.