புழுவை எண்ணும் கணினி

கத்தரி வேரில் முடிச்சைப் பார்த்ததும் "மண்ணுல நூற்புழு, குருணை போடுங்க" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். மண் என்றால் நூற்புழு இருக்கத்தான் செய்யும். பல வகைகள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, தழைச்சத்தைப் பயிர் எடுக்கிற வடிவில் கழிக்கின்றன. குருணைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால் எந்தப் புழு, எவ்வளவு என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீரமங்கலம், வடகாடு பக்கம் பூவும் காயும் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் புழுவைப் பிரிக்கணும். வேரோரமாக ஒரு சாண் ஆழத்தில், ஐந்தாறு இடத்து மண்ணை எடுத்துக் கலந்து, 50 கிராம் அளந்துகொள்ளுங்கள். புனலின் அடியில் ரப்பர் குழாய் மாட்டி, கிளிப் போட்டு, தண்ணீர் நிரப்புங்கள். மேலே சல்லடை, அதில் டிஷ்யூ காகிதம், அதன்மேல் மண். தண்ணீர் மண்ணைத் தொட்டால் போதும். உயிருள்ள புழு நெளிந்து தாளைத் தாண்டி, நீந்தி மேலேற முடியாமல் அடியில் இறங்கிவிடும். மறுநாள் கிளிப்பைத் திறந்து பிடிக்கலாம். ஜாவாவில் இருந்த பேர்மன் என்ற டாக்டர் 1917-இல் வெளியிட்ட முறை இது. அவர் தேடியது மனுஷனைப் பிடிக்கிற கொக்கிப்புழுவை!

ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்வில்லையில் போனைப் பொருத்தி அரை நிமிஷம் வீடியோ எடுங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் கிடைக்கிறது; கணினி தெரிந்த பிள்ளைகள் ஏற்றித் தருவார்கள். கணினி எல்லாப் படத்தையும் சேர்த்து ஒரு சராசரிப் படம் போடும். அசையாத மணலும் வேர்த்துணுக்கும் அதில் தங்கிவிடும். ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழித்தால் அசைவது மட்டும் மிஞ்சும். அடுத்த படத்தில் மிக அருகில் இருப்பதே அதே புழு என்று வைத்து, தடம் போட்டுக்கொண்டே போகும். சி. எலிகன்ஸ் என்கிற, பாக்டீரியா தின்னும் 1 மில்லிமீட்டர் புழுவை ஆராய்கிறவர்கள் இப்படித்தான் தடம் பார்க்கிறார்கள்.

ஆனா முழுசா நம்பிவிட வேண்டாம். தண்ணீர் ஓட்டத்தில் மிதக்கிற தூசியும் அசையும். நூற்புழுவுக்கு நீளவாக்குத் தசை மட்டும்தான்; மண்புழு மாதிரி நீண்டு சுருங்காது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போகும். வளையாத தடத்தைத் தள்ளிவிடுங்கள். இரண்டு புழு குறுக்கே போனால் கணினி ஆளை மாற்றிவிடும். நெருக்கமாக இருந்தால் இன்னும் தண்ணீர் விட்டுப் பிரியுங்கள்.

முக்கியமானது ஒன்று உண்டு. எண்ணிக்கை மட்டும் எதிரியைக் காட்டாது. 400 மடங்கு பெரிதாக்கி வாயைப் பாருங்கள்: வேரைக் குத்துகிற வகைக்கு ஊசி மாதிரி முள் இருக்கும். பாக்டீரியா தின்னிக்கு வெறும் குழாய்தான். பூஞ்சை தின்னிகள் சிலவற்றுக்கும் மெல்லிய முள் உண்டு. அதனால் முள்ளோடு வேர் முடிச்சையும் சேர்த்துப் பாருங்கள்.

பாத்தியில் பாதிக்கு வேப்பம் புண்ணாக்கு போட்டு, ஓரத்தில் செண்டிப்பூ நட்டு, மீதியைச் சும்மா விடுங்கள். இரண்டு பக்க மண்ணையும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில், ஒரே எடையில் எடுங்கள். முட்டையும் வேருக்குள் இருக்கிற புழுவும் இந்தக் கணக்கில் வராது. அதனால் நாலு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சைக் கையாலேயே எண்ணி, கணினி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.